‘பேப்பர் எல்லாம் ஆறுதலாத் தாங்கோ’: கொழும்பு டேகேரில் பிள்ளையைச் சேர்க்கும்போது நேரும் தவறுகள்

லண்டனிலிருந்து திரும்பி வெள்ளவத்தையில் வீடு எடுத்த மூன்றாம் வாரம், மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு டேகேருக்குப் போனேன். கையில் ஒரு தடித்த ஃபைல். பொறுப்பாக இருந்த அம்மா அதைத் திறக்கவே இல்லை. “பேப்பர் எல்லாம் ஆறுதலாத் தாங்கோ, பிள்ளையை நாளைக்கே விடுங்கோ” என்றார். லண்டனில் பத்துப் பக்கப் படிவம் நிரப்பிப் பழகியவளுக்கு அப்பாடா என்று இருந்தது. ஃபைல் அலுமாரிக்குள் போனது. அங்கேதான் கோட்டை விட்டேன்.

கொழும்பில் டேகேரும் மொண்டிசோரியும் பெரும்பாலும் தனியார் நடத்துபவை. சில இடங்களில் ஒரு பக்கப் படிவமும் ஒரு ஃபோட்டோவும் போதும். ஆனால் டேகேர் கேட்காத அதே காகிதத்தைப் பிறகு கிளினிக் கேட்கும், விசா அலுவலகம் கேட்கும், கடைசியில் தரம் 1க்குப் பள்ளிக்கூடம் கேட்கும். அப்போது அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஆகவே டேகேர் கேட்காவிட்டாலும், சேர்க்கிற வாரத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். பிரிட்டனில் இது இரண்டு வகை. சின்னதில் பிள்ளையின் விவரம் மட்டும்தான், தாய் தகப்பன் பெயர் கிடையாது. நீளமானதில்தான் பெற்றோர் பெயர் இருக்கும். நான் கொண்டுவந்தது சின்னது. பிள்ளை என்னுடையதுதான் என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை! கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எங்கள் மாடியில் குடியிருக்கும் சென்னைக் குடும்பத்தின் கதை வேறு: பிறப்பைப் பதிந்துவிட்டார்கள், பிள்ளையின் பெயரைப் பதியவில்லை. சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். விமானம் ஏறுவதற்கு முன் செய்தால் அரை நாள் வேலை. இங்கே வந்த பிறகு என்றால் ஊரில் இருக்கிற தாத்தாவை அலைக்கழிக்க வேண்டும்.

பெயர் எழுத்து அடுத்தது. நம் பெயர்களில் ழகரம் வந்தால் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ போட்டு முடித்துவிடுவோம், சென்னையில் ‘இசட் எச்’ போடுவார்கள். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் நிற்கும். என் அடையாள அட்டையில் என் அப்பாவின் பெயர், மகளின் பத்திரத்தில் என் பெயரோடு கணவரின் பெயர். படிப்பவருக்கு அது இரண்டு வேறு பெண்கள் போலத் தெரியும். இதற்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொண்டால் பல இடங்களில் பேச்சு மிச்சம். தமிழில் மட்டும் இருக்கிற பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குப் பட்டபடி எழுதுவார், மூன்றாவதாக ஒரு பெயர் பிறக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது தடுப்பூசியில். “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று படிவத்தில் ஒரு சரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த நாட்டு ‘எல்லாம்’? இலங்கையில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி 2, 4, 6 மாதங்களில். இந்தியாவில் அது 6, 10, 14 வாரங்களில். சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்எம்ஆர் இங்கே 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. இந்தியாவின் அரசாங்க அட்டவணையில் இருப்பது சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி, கூகைக்கட்டு அதில் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இங்கே ஒரு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பிரிட்டனில் வழக்கமாக அது கிடையாது, இந்தியாவில் சில மாவட்டங்களில் மட்டும். காசநோய்க்கான பிசிஜி ஊசியும் பிரிட்டனில் எல்லோருக்கும் போடுவதில்லை. இதில் யாரும் பிழை விட்டதாக இல்லை, நாட்டுக்கு நாடு அட்டவணை வேறு, அவ்வளவுதான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சுகாதார விருத்திப் பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கும், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். கிளினிக் கார்ட் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். வெளியிலிருந்து வரும் பிள்ளையிடம் அது இருக்காது. லண்டனில் தந்த சிவப்புப் புத்தகத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அதில் பாதி ஊசிகள் தாதியின் கிறுக்கல், ஒன்றுக்குத் திகதியே இல்லை. புறப்படும் முன் குடும்ப வைத்தியரிடம் அச்சடித்த ஊசிப் பட்டியல் ஒன்று வாங்கியிருந்தால் இரண்டு வார மின்னஞ்சல் போக்குவரத்து மிஞ்சியிருக்கும். பட்டியல் கிடைத்ததும் டேகேரில் கொடுத்து வாதாட வேண்டாம். உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம், மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் தாய் சேய் கிளினிக், அங்கே போய் விடுபட்டது எது என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணியும், அதாவது தனியாரில் நேரம் எடுத்துப் பார்த்தும், கேட்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சாளின் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மகனின் அட்டையில் 04/09 என்று இருந்தது. அமெரிக்கக் கணக்கில் அது ஏப்ரல் 9. இங்கே செப்டெம்பர் 4 என்று எழுதிக்கொண்டார்கள், அடுத்த ஊசியின் கணக்கே மாறிவிட்டது. இப்போது அவள் அட்டையின் ஓரத்தில் மாதத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

சரி, பிள்ளை எந்தக் கடவுச்சீட்டில் இருக்கிறது என்பதை எடுத்துக்கொள்வோம். “அம்மா அப்பா இலங்கையர்தானே” என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை தானாக வந்துவிடாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகம் வழியாகப் பதிய வேண்டும். தவறினாலும் தக்க காரணம் காட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இன்னொரு கண்ணியும் உண்டு: பிள்ளை பிறந்தபோது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காமல் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர். அப்படியென்றால் பிள்ளைக்கு விசாதான். இந்தியாவிலிருந்து வேலைக்காக வரும் குடும்பங்கள் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தில் வதிவிட விசா எடுக்கும்போது தகப்பனின் விசா கிடைத்ததும் மூச்சு விட்டுவிடுகிறார்கள். பிள்ளையுடைய விசா முடியும் திகதியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வதிவிட ஆதாரம் டேகேருக்குப் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் தரம் 1 என்று வரும்போது, அரசாங்கப் பள்ளிகளில் பெரும்பங்கு இடம் பக்கத்தில் வசிப்பவர்களுக்குத்தான், அதற்கு வாக்காளர் இடாப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும், விண்ணப்பமோ முந்தைய வருடத்திலேயே போக வேண்டும். மூன்று வயதில் டேகேர் சேர்ப்பவருக்கு இரண்டு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வீட்டுக்காரர் “ஒப்பந்தம் எதுக்கு, நான் இருக்கிறன்தானே” என்பார். சிரித்துக்கொண்டே கேட்டு வாங்குங்கள். கிராம சேவகரிடம் போய்ப் பதிந்துகொள்வதையும் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த ஒரு பக்கப் படிவத்தைக்கூட நான் ஒழுங்காக நிரப்பவில்லை. அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு நேரே பழக்கதோஷத்தில் லண்டன் இலக்கத்தை எழுதியிருந்தேன். ஒருநாள் பதினொரு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல். அவர்கள் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அந்த சிம் எங்கள் மேசை லாச்சிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நான் மூன்று மணிக்குப் போனபோது பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. இரண்டு இலங்கை இலக்கங்கள் கொடுங்கள், ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருப்பவருடையது.

‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதியதும் ஒரு வீண் பெருமைதான். பார்த்துக்கொள்கிற அன்ரி சிங்களம், ஆங்கிலமும் கொஞ்சம் தெரியும். மகளோ வயிறு வலித்தால் “நோகுது, நோகுது” என்றுதான் சொல்வாள். அன்ரி அதை ஏதோ பாட்டு என்று நினைத்துக் கையும் தட்டியிருக்கிறார். அப்புறம் நான் ஒரு துண்டில் பசி, தண்ணி, நோகுது, பயம் என்று மகள் சொல்கிற சொற்களை எழுதி, நேரே சிங்களத்தில் பொருள் எழுதுவித்துக் கொடுத்தேன். ஒவ்வாமை இருந்தால் அதையும் இப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னது அடுத்த ஆள் பொறுப்புக்கு வரும்போது மறந்துபோகும்.

கூட்டிக்கொண்டு போக வருபவர்களின் பெயரும் அடையாள அட்டைப் பிரதியும் ஃபோட்டோவும் எழுத்தில் இருக்கட்டும், ஓட்டோக்காரர் என்றாலும்தான். என் மைத்துனரைப் பெயர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் கோபம், எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் அந்த இடத்தில் நம்பிக்கை வந்தது. பெற்றோர் பிரிந்திருந்தால் நீதிமன்றக் கட்டளையின் பிரதி, தகப்பன் கட்டாரில் என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா என்ற வரி படிவத்தில் கண்ணில் படாத இடத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூலப் பத்திரத்தை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், கொடுப்பது உறுதிப்படுத்திய பிரதியாக இருக்கட்டும். கம்யூனிகேஷன் கடையில் கொப்பி எடுத்தால் பிரதிகளை எண்ணுவதோடு மெஷினின் மூடியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மகளின் கடவுச்சீட்டு அன்று பின்னேரம்வரை அந்தக் கண்ணாடியின்மேல் குப்புறக் கிடந்தது, கடைத் தம்பி எடுத்து வைத்திருந்து படிவத்தில் இருந்த விலாசத்துக்குக் கொண்டுவந்து தந்தான்.