சிவில் பொறியியலில் முதுநிலைப் படிப்பு: பிரிவைத் தேர்வதில் தொடங்கி ஆய்வேடு வரை

சிவில் பொறியியல் மாணவர்களில் பலர் மேற்படிப்பைத் தலைகீழாகத் திட்டமிடுகிறார்கள். முதலில் முதுநிலைச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வை எழுதுகிறார்கள், வந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பார்க்கிறார்கள், அந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் எந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்ற கேள்வி இந்த வரிசையில் கடைசி இடத்தில் நிற்கிறது. இதைத் திருப்பிப் போட்டு, பிரிவை முதலிலும் படிப்பின் வகையை அடுத்தும் நுழைவுத் தேர்வை மூன்றாவதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுப் படிப்பும் அதற்காகும் செலவும் வீணாகா.

பிரிவைத் தேர்வது

எதை எடுக்கப்போகிறாய் என்று கேட்டால் நம் ஊர் மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் வருகிற பதில் ‘ஸ்ட்ரக்சுரல்’ என்பதே. இளநிலையில் கான்கிரீட் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 456 நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு உத்தரமும் தூணும் வடிவமைத்த பழக்கம் இதற்கு ஒரு காரணம். சீனியர்கள் எல்லாரும் அதைத்தானே எடுத்தார்கள் என்பது இன்னொரு காரணம். ஆனால் முதுநிலையில் கட்டமைப்புப் பொறியியல் என்பது இளநிலை வடிவமைப்பின் நீட்சி அன்று. முதல் பருவத்திலேயே அணிமுறைப் பகுப்பாய்வு, நெகிழ்மைக் கோட்பாடு, கட்டமைப்பு இயக்கவியல், வரம்புறு கூறு முறை ஆகியவை அடுத்தடுத்து வரும். கணிதம் பிடிக்காதவர் இதில் திணறுவார். இயக்கவியலில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கோ நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பு, பாலங்கள், உயரமான கட்டடங்கள் என்று நல்ல வழிகள் திறக்கும்.

மண் பொறியியல் வேறு மாதிரியானது. இங்கே கையில் வருவது துளையிட்டு எடுத்த மண்ணின் பதிவேடு மட்டுமே. இரண்டு துளைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை ஊகித்துத்தான் அடித்தளத்தை முடிவு செய்ய வேண்டும். நிச்சயமின்மையோடு வாழப் பழகியவர்களுக்கு ஏற்ற துறை இது. சென்னை மெட்ரோ போன்ற சுரங்கப் பணிகளில் மணல், களிமண், பாறை என்று நிலம் மாறி மாறி வரும்போது, அந்த ஊகத்தின் தரமே வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

போக்குவரத்துப் பொறியியலில் சேர்பவர் புள்ளியியலோடும் தரவுகளோடும் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும். சாலைத் தள வடிவமைப்பு இதன் ஒரு பாதிதான். வாகனங்களை எண்ணுவதும் பயணத் தேவையைக் கணிப்பதும் மறுபாதி. நீர்வளப் பொறியியலில் மழை, ஓட்டம், வெள்ளம் ஆகியவற்றைக் கணினியில் மாதிரியாக்கும் வேலை மிகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னையில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பொறியியலில் வேதியியலும் நுண்ணுயிரியலும் தவிர்க்க முடியாதவை. 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தெரிந்த பொறியாளருக்குத் தொழிற்சாலைப் பக்கம் மதிப்புக் கூடியது. ஒப்பந்தங்கள், கால அட்டவணை, செலவுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் நாட்டம் உள்ளவருக்குக் கட்டுமான மேலாண்மை இருக்கிறது. பணித்தளத்தில் ஓரிரு ஆண்டுகள் நின்றுவிட்டு அதைப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. தாமதம் என்றால் என்ன என்பதைத் தளத்தில் பார்க்காதவருக்கு அந்தப் பாடங்கள் வெறும் வரைபடங்களாகவே தெரியும்.

எது தமக்குப் பொருந்தும் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இறுதியாண்டுப் புராஜெக்டை, எடுக்க நினைக்கும் பிரிவிலேயே செய்ய வேண்டும். ஒரு பருவம் முழுவதும் அந்த வேலையைச் செய்த பிறகும் சலிப்புத் தட்டவில்லை என்றால் தேர்வு சரி.

படிப்பின் வகையும் இடமும்

எம்.இ., எம்.டெக். ஆகிய இரண்டும் மதிப்பில் ஒன்றே. பல்கலைக்கழக மரபைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. கவனிக்க வேண்டிய வேறுபாடு பாடவழிப் படிப்புக்கும் ஆய்வுவழிப் படிப்புக்கும் இடையில் இருக்கிறது. எம்.டெக். படிப்பில் முதல் ஆண்டு பெரும்பாலும் பாடங்களுக்கும் இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வேட்டுக்கும் போகும். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உள்ள ஆய்வுவழி எம்.எஸ். படிப்பில் பாடங்கள் குறைவு, ஆய்வேடே முதன்மை. முனைவர் பட்டத்தை நோக்கிச் செல்பவருக்கு எம்.எஸ். பொருந்தும். வடிவமைப்பு நிறுவனத்தில் சேர நினைப்பவருக்கு எம்.டெக். போதும். கல்லூரி ஆசிரியராக விரும்புபவர், உதவிப் பேராசிரியர் பணிக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதிப்படி தொடர்புடைய பிரிவில் இளநிலை, முதுநிலை இரண்டும் இருக்க வேண்டும் என்பதையும், அவற்றில் ஒன்றிலாவது முதல் வகுப்புத் தேவை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது நிறுவனத்தின் பெயரைவிட அங்கே அந்தப் பிரிவு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே முக்கியம். ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நிலநடுக்கப் பொறியியலுக்கும் நீரியலுக்கும் தனித்தனித் துறைகளே இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் ஒரு தனித் துறை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் நீர்வளத்துக்கும் தொலையுணர்வுக்கும் தனி மையங்கள் உண்டு. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், சென்னையில் படிக்கும் கட்டமைப்பு மாணவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. துறையின் இணையதளத்தில் ஆசிரியர்களின் அண்மைக் கட்டுரைகளைப் பார்க்கலாம். இப்போது அங்கே படிக்கும் இருவரிடமாவது பேச வேண்டும். ஆய்வகத்தில் எந்த எந்திரம் உண்மையில் ஓடுகிறது என்று கேட்டால் இணையதளம் சொல்லாத பலவும் தெரியவரும்.

கேட் தேர்வு

தேசிய அளவிலான நிறுவனங்களுக்குக் கேட் தேர்வே வாயில். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வும் உண்டு, 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு டான்செட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக அது நடக்கிறது. இரண்டையும் எழுதுவது நல்லது, ஆனால் உழைப்பைக் கேட் தேர்வில் செலுத்த வேண்டும்; அதற்குப் படித்தது மற்றதற்கும் உதவும்.

மூன்றாம் ஆண்டு மாணவரும் கேட் எழுதலாம். முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மதிப்பெண் செல்லும் என்பதால், மூன்றாம் ஆண்டில் எழுதியதை வைத்தே பட்டம் முடித்ததும் சேர முடியும். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். முடிவு மார்ச்சில் வரும்.

மூன்று மணி நேரத்தில் 65 வினாக்கள், 100 மதிப்பெண். இதில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13. அதாவது 28 மதிப்பெண் சிவில் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. எஃகு வடிவமைப்பில் மாதக்கணக்காக மூழ்கிவிட்டு இந்த 28-ஐக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுபவர்கள் ஏராளம். மீதி 72-இல் கட்டமைப்பு, மண், நீர், சுற்றுச்சூழல், போக்குவரத்து, நில அளவை எல்லாம் அடக்கம். இவற்றில் பொருள் இயக்கவியல், பாய்ம இயக்கவியல், மண் இயக்கவியல் ஆகிய மூன்று அடிப்படைகளும் உறுதியாக இருந்தால் மற்றவை பின்தொடரும்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதைப் பற்றித் தேவையற்ற அச்சம் நிலவுகிறது. ஒரே விடையைத் தேரும் வினாவில், ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிக்கப்படும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நாலில் ஒரு வாய்ப்பில் 1 கிடைக்கும், நாலில் மூன்று வாய்ப்பில் 1/3 போகும். கூட்டிக் கழித்தால் சராசரி சரியாகச் சுழியம். ஒரு விடையையாவது தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி 1/9 ஆக உயரும். ஆகவே ஒன்றுமே தெரியாத வினாவை விட்டுவிடலாம், ஒரு விடையை நீக்க முடிந்த வினாவை விடக்கூடாது. எண்ணை உள்ளிடும் வினாக்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய வினாக்களுக்கும் கழிவு கிடையாது. அவற்றை வெறுமையாக விடுவதில் பொருளே இல்லை. எண் விடையில் அலகும் தசம இடமும் காலை வாரும். கிலோநியூட்டனில் கேட்டதை நியூட்டனில் கொடுத்தால் கணக்கு முழுதும் சரியாக இருந்தும் மதிப்பெண் வராது. தேர்வில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் தரப்படும் கால்குலேட்டரைச் சுட்டியால் அழுத்திப் பழகுவதற்கென்றே சில மாதிரித் தேர்வுகளை எழுத வேண்டும்.

கலந்தாய்வும் சான்றிதழ்களும்

ஐ.ஐ.டி.களைப் பொறுத்தவரை மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோப் எனப்படும் பொது இணையவாயிலில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பித்ததாக ஆகிவிடாது. ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அவை நமக்குத் தர முன்வரும் இடங்களைப் பார்த்து முடிவைத் தெரிவிக்கும் வாயில் மட்டுமே கோப். ஒவ்வொரு சுற்றிலும் ஏற்று உறுதி செய்யலாம், வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், அல்லது மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மறுத்த இடம் திரும்பி வராது. என்.ஐ.டி.களுக்குச் சி.சி.எம்.டி. என்ற ஒரே பொதுக் கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் டான்கா கலந்தாய்வு.

சான்றிதழில் நம் மாநில மாணவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. பள்ளியிலிருந்தே கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், கலந்தாய்வு நேரத்தில் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

பணம்

கேட் தகுதியோடு முழுநேரப் படிப்பில் சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் இதற்கு ஈடாக ஆய்வக வகுப்புகளிலும் தாள் திருத்துவதிலும் வாரம் எட்டு மணி நேரம் உதவ வேண்டியிருக்கும். ஏ.ஐ.சி.டி.இ. ஏற்பு பெற்ற கல்லூரிகளில் சேரும்போதே செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு எழுதித் தேறினால் பயனில்லை. பகுதிநேர மாணவருக்கும் நிறுவனம் செலவை ஏற்று அனுப்பும் மாணவருக்கும் இந்தத் தொகை கிடையாது. கல்லூரி உரிய காலத்தில் பெயரைப் பதிவு செய்ததா என்பதை மாணவரே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அலுவலகத்தில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் மாதங்கள் கைநழுவும்.

வெளிநாட்டை நினைப்பவர் ஓராண்டு முன்னதாகத் தொடங்க வேண்டும். ஜெர்மனிக்கு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், வாழ்க்கைச் செலவுக்கான தொகையை, மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் முன்பே செலுத்திக் காட்ட வேண்டும். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை ஐரோப்பியர் அல்லாதவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. எங்கே விண்ணப்பித்தாலும், புராஜெக்டில் கூடவே இருந்து வேலையைப் பார்த்த ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம், துறைத் தலைவர் பொதுப்படையாக எழுதித் தருவதைவிட எடை கூடியது.

ஆய்வேட்டுக்கு நாள் குறிப்பது

சேர்ந்த பிறகு பெரும்பாலானோரைத் திணறவைப்பது ஆய்வேடுதான். அதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, நாள்கணக்குத் தவறுவது. சிவில் பரிசோதனைகள் மாணவரின் அவசரத்துக்கு ஓடுவதில்லை. கான்கிரீட் கனசதுரத்தின் வலிமை 28-ஆம் நாளில்தான் தெரியும். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த கலவை என்றால் 56 அல்லது 90 நாள் வரை காத்திருக்க நேரும். ஜனவரி நடுவில் வார்த்த கட்டி, 90 நாள் சோதனைக்கு ஏப்ரல் நடுவில் வரும். மே மாதத்தில் ஆய்வேட்டைத் தர வேண்டியவருக்கு அதன் பிறகு எழுத மூன்று, நான்கு வாரங்களே மிஞ்சும். கலவை விகிதம் பிசகி மறுபடி வார்க்க நேர்ந்தால் அதுவும் இல்லை. களிமண்ணின் இறுக்கச் சோதனையில் ஒவ்வொரு சுமைப் படிக்கும் வழக்கமாக 24 மணி நேரம் விட வேண்டும் என்பதால் ஒரு மாதிரிக்கே ஒரு வாரத்துக்கு மேல் போகும். கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவையை இந்திய முறைப்படி 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைத்துத்தான் அளக்க முடியும். வெள்ளிக்கிழமை வைத்த புட்டியைத் திங்களன்று திறக்கலாம், புதன்கிழமை வைத்தால் சனிக்கிழமை ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

எனவே இரண்டாம் பருவம் முடிவதற்குள் தலைப்பை முடிவு செய்து, விடுமுறையிலேயே பொருள்களைச் சேர்த்து, மூன்றாம் பருவத் தொடக்கத்தில் சோதனை வார்ப்பை முடித்துவிட வேண்டும். நாள்காட்டியை எடுத்து, ஒப்படைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசியாக வார்க்கக்கூடிய நாளைக் குறித்துக்கொள்ளலாம். சுமையேற்றும் எந்திரத்துக்கு எல்லாரும் ஒரே மாதத்தில் வரிசையில் நிற்பார்கள் என்பதால், ஆய்வக உதவியாளரிடம் பேசி அதற்கு முந்தைய மாதத்திலேயே நாள் வாங்கிவிட வேண்டும். எந்திரம் பழுதானால் எந்த வெளி ஆய்வகத்தில் சோதிக்கலாம், அதற்கு எவ்வளவு கட்டணம், யாருடைய கடிதம் வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே வழிகாட்டியிடமும் உதவியாளரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.