ஜாக்கி கூகன் கதையைச் சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியும் ஜாக்கி கூகனிடம் போய் நிற்கும். 1921-ல் வந்த 'தி கிட்' படத்தில் சார்லி சாப்ளினோடு, தலையை விடப் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு நடித்த பொடியன். அவர் கதையை வழக்கமாக இப்படித்தான் சொல்வார்கள்: பையன் கோடி கோடியாகச் சம்பாதித்தான், பெற்றோர் திருடிவிட்டார்கள், வளர்ந்ததும் வழக்குப் போட்டு ஜெயித்தான், அவன் பெயரிலேயே சட்டம் வந்தது, அதன்பிறகு அமெரிக்காவில் எந்தக் குழந்தை நடிகரும் ஏமாறவில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு பிசகு. இவரைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களும் வீடியோ போடுபவர்களும் திரும்பத் திரும்ப வழுக்கும் இடங்கள் இவை.

முதலில் ஆளை மாற்றிவிடாதீர்கள். ஜாக்கி கூப்பர் என்று இன்னொருவர் இருக்கிறார். 1922-ல் பிறந்தவர், 'ஸ்கிப்பி' படத்துக்காக ஒன்பது வயதிலேயே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், 1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் பத்திரிகை ஆசிரியராக வருபவர். நம்முடைய கூகன் 1914 அக்டோபர் 26-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். குழந்தையை அழவைக்க அவன் நாயைச் சுட்டுவிடுவதாக மிரட்டினார்கள் என்ற பிரபலமான கதை கூப்பருடையது. அதைக் கூகன் தலையில் கட்டுபவர்கள் நிறைய.

கூகன் அழுததற்கும் ஒரு கதை உண்டு. 'தி கிட்' படத்தில் அனாதை இல்லத்துக்காரர்கள் பையனைப் பிடித்து வண்டியில் ஏற்றும் காட்சியை எடுக்க வேண்டும். பையனோ குஷியாக விளையாடிக்கொண்டிருக்கிறான், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். அழாவிட்டால் நிஜமாகவே அநாதைகளை அடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனைத் தூக்கிவைத்து, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்ற, அப்பா சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று தனக்குத் தெரியும் என்றானாம் பையன். சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியது இது. பெற்ற அப்பாவே வந்து மிரட்டும் அந்த இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பையனின் பதில் அதைவிட உறுத்துகிறது.

இதிலேயே இன்னொரு தவறும் தெரிந்துவிடும். தெருவில் திரிந்த ஏழைப் பையனைச் சாப்ளின் கண்டெடுத்தார் என்று எழுதுவது, படத்தின் வேடத்தை ஆளின் மேல் ஏற்றுவது. கூகன் மேடைக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா வாடவில் (ஆட்டம், பாட்டு, நகைச்சுவை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி) அரங்குகளில் ஆடும் நடனக்காரர். 1919-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்ஃபியம் அரங்கில் அப்பாவின் நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பையனும் மேடைக்கு வந்து ஒரு ஆட்டம் போட்டான். சாப்ளின் பார்த்தது அதைத்தான். பிறகு, கூகனை அன்றைய நகைச்சுவை நட்சத்திரம் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று செய்தி வர, சாப்ளின் சோர்ந்துபோனார். விசாரித்தால் ஆர்பக்கிள் எடுத்தது மகனை அல்ல, அப்பாவை. அந்த அப்பா 'தி கிட்' படத்திலேயே ஜேப்படித் திருடனாகவும், கனவுக் காட்சியில் சாத்தானாகவும் தலைகாட்டுகிறார். ஆக, சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாத அப்பாவிக் குடும்பம் என்று ஆரம்பித்தால் கதை முதல் வரியிலேயே தடம் மாறிவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். கூகன் குழந்தைப் பருவத்தில் சம்பாதித்தது முப்பது லட்சம் முதல் நாற்பது லட்சம் டாலர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், தணிக்கை செய்த கணக்கல்ல. படச் சம்பளத்தோடு அவன் முகம் போட்ட பொம்மை, விசில், கடலை வெண்ணெய் என்று கடை கடையாக விற்பனை நடந்தது. இதை இன்றைய ரூபாயில் பெருக்கி இத்தனை நூறு கோடி என்று தலைப்பு வைக்கிறார்கள். எந்த ஆண்டின் டாலர், எந்த விலைவாசிக் கணக்கு என்று சொல்லாமல் போடும் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. டாலரையும் காலத்தையும் அப்படியே எழுதினால் போதும், வாசகருக்குப் புரியும்.

கதையில் மிகப் பெரிய சறுக்கல், பெற்றோர் திருடினார்கள் என்ற வரிதான்.

பெற்றோர் என்று பன்மையில் சொல்வதே சரியில்லை. அப்பா 1935 மே மாதம் கார் விபத்தில் இறந்துவிட்டார். மெக்சிகோவில் புறா வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சான் டியேகோ மாவட்ட மலைச் சாலையில் வண்டி உருண்டது. உள்ளே ஐந்து பேர். கூகனின் நெருங்கிய நண்பனும் இளம் நடிகனுமான ஜூனியர் டர்கினும் அதில் இருந்தான். உயிரோடு மிஞ்சியது ஜாக்கி மட்டும். அந்த அக்டோபரில் அவனுக்கு 21 வயது நிறைந்தது. சேர்த்துவைத்த பணம் கைக்கு வரும் என்று அவன் நம்பிய வயது அது. பணம் வரவில்லை. அம்மா, குடும்பத்தின் பண விவகாரங்களைக் கவனித்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை மறுமணம் செய்துகொண்டார். 1938 ஏப்ரலில் கூகன் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது அம்மா மேலும் மாற்றாந்தந்தை மேலும். அப்பா தனக்காகப் பணத்தைப் பத்திரப்படுத்தியிருந்தார் என்பதுதான் அவன் தரப்பின் நம்பிக்கையே. அப்பாவையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் வழக்கின் அடிப்படையே புரியாமல் போய்விடும்.

அப்புறம், திருட்டு என்ற சொல். கோபத்தில் சொன்னால் நியாயம்தான், நானும் சொல்வேன். ஆனால் அன்றைய கலிபோர்னியா சட்டப்படி வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்குச் சேரும். பண்ணையில் வேலை செய்த பிள்ளையின் கூலிக்கும், லட்சம் டாலர் வாங்கிய பிள்ளையின் சம்பளத்துக்கும் அதே விதி. அம்மா தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது: பையனுக்குப் பணம் தருவதாக நாங்கள் எப்போது வாக்குக் கொடுத்தோம்? லட்சக்கணக்கில் சம்பாதித்த காலத்தில் ஜாக்கியின் கையில் கொடுத்த வாரச் செலவுப் பணம் ஆறேகால் டாலர். மற்றதெல்லாம் வைரம், ஃபர் கோட்டு, கார் என்று போனது. திருடினார்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் கெட்ட அம்மா ஒருத்தியின் கதையாக அது சுருங்கிவிடுகிறது. பத்திரிகைகளும் பொதுமக்களும் அன்று கொதித்தெழுந்தது அந்த அம்மா செய்ததைச் சட்டம் அனுமதித்ததால்தான்.

வழக்கில் ஜெயித்தார் என்பதும் பாதி உண்மை. இருந்ததில் மிஞ்சியது சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்று கணக்கு வந்தது. 1939-ல் சமரசத்தில் கூகனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,26,000 டாலர். சம்பாதித்ததாகச் சொல்லப்படுவதோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று, நான்கு. வழக்கு நடந்த காலத்தில்தான் நடிகை பெட்டி கிரேபிளோடு நடந்த திருமணமும் முறிந்தது. கஷ்ட காலத்தில் உதவி கேட்டுப் போனபோது சாப்ளின் யோசிக்காமல் ஆயிரம் டாலர் கொடுத்தார் என்று சொல்வார்கள். குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை அவருக்கென்று ஒதுக்கவைக்கும் கூகன் சட்டம் அதே 1939-ல்தான் வந்தது. ஆனால் அது அவருக்கு ஒரு சென்ட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. சட்டத்தால் அவர் பணம் மீண்டது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

சட்டம் வந்ததும் ஓட்டை அடைந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. பழைய கூகன் சட்டம், நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தும். அதிலும் ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்வது நீதிபதியின் விருப்பம். விளம்பரப் படம், நாலு நாள் வேலை, சின்ன வேடம் போன்றவை பெரும்பாலும் நீதிமன்றத்துக்கே போகாது. ஒதுக்கியது போக மீதி பழையபடி பெற்றோர் பணம். சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்து, 1989-ல் தொலைக்காட்சி நட்சத்திரம் கேரி கோல்மன் தன் வளர்ப்புப் பெற்றோர் மேலும் மேலாளர் மேலும் வழக்குப் போட வேண்டி வந்தது. 1993-ல் சுமார் 12.8 லட்சம் டாலர் அவருக்குத் தீர்ப்பானது.

உண்மையான மாற்றம் வந்தது 2000 ஜனவரி 1-ல். அன்றுமுதல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் சம்பாத்தியம் குழந்தையின் சொத்து. நீதிமன்ற ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தை வேலை கொடுத்தவரே பிள்ளை பெயரிலுள்ள முடக்கப்பட்ட அறக்கட்டளைக் கணக்கில் நேராகப் போட வேண்டும். 18 வயதுவரை யாரும் கை வைக்க முடியாது. இதைத்தான் இன்று கூகன் கணக்கு என்கிறார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் 15 சதவீதம்தான் குழந்தைக்கு என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. ஒரு பெண் குழந்தை ஒரு விளம்பரத்தில் 1,000 டாலர் வாங்குகிறாள் என்று வையுங்கள். 150 டாலர் கூகன் கணக்குக்குப் போகும். ஏஜென்டுக்கு வழக்கமாக 100. வரி, மேலாளர், போக்குவரத்து எல்லாம் மீதியிலிருந்து. அதற்குப் பிறகும் மிஞ்சுவது அவளுடைய பணம்தான். பெற்றோர் அதை நிர்வகிக்கலாம், தங்கள் பணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கறாராகப் பூட்டப்பட்டிருப்பது அந்த 150 மட்டும் என்பது நிஜம். குழந்தை தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

'ஹோம் அலோன்' பையன் மெக்காலே கல்கின் பெயர் வராமல் இந்தப் பேச்சு முடியாது. அவர் சட்டப்படி பெற்றோரை விவாகரத்து செய்தார் என்று எங்கும் படிக்கலாம். அப்படி நடக்கவில்லை என்று அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். பெற்றோர் பிரிந்து சண்டை நடந்தபோது தன் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து இருவர் பெயரையும் நீக்கிவிட்டு, பணத்தைக் கவனிக்க வேறொருவரை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கூகனின் பிற்கால வாழ்க்கையைப் பாழாய்ப்போனது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் எனக்கு எரிச்சலான ஒன்று. குழந்தை நட்சத்திரம் என்றாலே சீரழிவு என்று முடிவு கட்டிவிட்டு எழுதுகிறார்கள். இன்னொரு குழந்தை நட்சத்திரமான ஷெர்லி டெம்பிளுக்கும் சம்பாதித்த லட்சங்களில் சுமார் 44,000 டாலர்தான் மிச்சம். அவர் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். கூகன் 1941-ல் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு விமானப் படைக்கு மாறி, இயந்திரம் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டினார். 1943 இறுதியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1944 மார்ச்சில், அசாமின் லாலாகாட் ஓடுதளத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளைடர்கள், விமானங்களோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு, பர்மாவுக்குள் இழுத்துச் செல்லப்பட்டன. ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் என்ற சிறப்புப் படை வீரர்களை இறக்குவது வேலை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் கிளைடரைத் திருப்பி மேலே எடுக்க முடியாது, இருட்டில் ஒரே முயற்சியில் தரையைப் பிடிக்க வேண்டும். அந்த விமானிகளில் ஒருவர், ஒரு காலத்தில் கடலை வெண்ணெய் டப்பாவில் சிரித்த அந்தப் பையன்.

போர் முடிந்து வந்தவர் தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்களாகச் செய்துகொண்டிருந்தார். 1964-ல் 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக, வாயில் பல்பை வைத்து எரியவிடும் அங்கிள் ஃபெஸ்டராக வந்தார். அந்தக் காலத்து அமெரிக்கக் குழந்தைகளில் பலருக்கு அவரை அப்படித்தான் தெரியும், 'தி கிட்' பையன் இவர்தான் என்றே தெரியாது. 1984 மார்ச் 1-ல் இறந்தார். பேரன் கீத் கூகனும் குழந்தை நடிகராகத் தொடங்கியவர்.

கடைசியாக, அமெரிக்காவில் குழந்தை நடிகர்களுக்குச் சட்டம் இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கூகன் சட்டம் கலிபோர்னியா மாநிலத்துடையது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் பிறகு தங்களுடையதைக் கொண்டுவந்தன, பல மாநிலங்களில் ஒன்றும் இல்லை. கூகன் வழக்குப் போட்ட அதே 1938-ல் வந்த மத்தியத் தொழிலாளர் சட்டம், குழந்தைத் தொழிலாளர் தடையிலிருந்து நடிகர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. யூடியூபில் குடும்ப வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர்களின் பிள்ளைகள் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் இருந்தார்கள். அவர்களுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது, கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில்.