மினி கூப்பர் எஸ் ராலி கார்: ஹெட்லைட் வளையம் எது, மாட்டுவது எப்படி?

மான்டே கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆண்டுகளில் ஜெயித்த மினிகளைப் பார்த்து ஒரு பழைய மினியைத் தயார் செய்பவர்கள், முன்னால் வரிசையாக நிற்கும் கூடுதல் விளக்குகளுக்குத்தான் மெனக்கெடுவார்கள். 7 அங்குல ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள வளையத்தைக் கடைசியில் கிடைத்ததைக் கொண்டு மாட்டிவிடுவார்கள். காரின் முகமே அந்த வளையம்தான்.

1. புகைப்படம் தேடுங்கள். எந்தக் கார் என்பதோடு எந்த ராலி என்பதையும் முடிவு செய்யுங்கள். இந்த ராலி மினிகளைத் தயார் செய்த இங்கிலாந்தின் அபிங்டன் பட்டறையில் ஒரே காரை ராலிக்கு ராலி மாற்றினார்கள். தெளிவான படம் கிடைக்கவில்லையா? சாலை மினியில் வந்த குரோம் வளையமே பாதுகாப்பான தேர்வு. கருப்பு வளையம் மிரட்டலாகத் தெரியும். படத்தில் இல்லாவிட்டால் வேண்டாம்.

2. பழையதைக் கழற்றுங்கள். வளையத்தின் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும், பிறகு டிரில்தான். ஸ்க்ரூ வந்ததும் வளையத்தின் அடிப்பக்கத்தை முன்னால் இழுத்து, மேலே தூக்கி எடுங்கள்.

உள்ளே மூன்று சிறிய ஸ்க்ரூக்கள் விளக்கைப் பிடித்திருக்கும். மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும் வேறு இரண்டு, ஒளியின் திசையைச் சரிசெய்பவை. புதியவர்கள் கைவைத்துக் கெடுப்பது இவற்றைத்தான். அவற்றைத் தொடாதீர்கள்.

3. பெயின்ட் அடிப்பதானால். குரோம் மேல் நேராக அடித்தால் செதில் செதிலாக உரியும். 400 நம்பர் எமரி தாளால் பளபளப்பு முழுதும் போகத் தேயுங்கள். உள்மடிப்பை விட்டுவிடாதீர்கள், பெயின்ட் உரிய ஆரம்பிப்பதே அங்கிருந்துதான். எபாக்ஸி பிரைமர் ஒரு கை, அதன்மேல் மெல்லிதாக இரண்டு கை பெயின்ட். தடிமனாகிவிட்டால் வளையத்தை மேலே பிடிக்கும் கொக்கி சரியாக உட்காராது.

4. மாட்டுங்கள். ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். பழையதில் தங்கும் ஈரம் உள்ளே விளக்கு உட்காரும் கிண்ணத்தையே அரித்துவிடும். வளையத்தின் மேல்பகுதியை முதலில் கொக்கியில் மாட்டி, அடியை அமுக்கி, செப்பு கிரீஸ் தடவிய துருப்பிடிக்காத ஸ்க்ரூவை முடுக்குங்கள். மேலே கைவிரலால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் கொக்கியில் ஏறவில்லை என்று பொருள்; குண்டும் குழியுமான சாலையில் வளையம் விழுந்துவிடும்.

பந்தயப் பாதைக்கான காரென்றால் ஹெட்லைட் கண்ணாடி மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் பாதையில் சிதறாது.

பல்பை மாற்றுகிறவர்கள் 1966-ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு மான்டே கார்லோவில் முதல் மூன்று இடங்களில் வந்த மினிகளைத் தகுதிநீக்கம் செய்ததற்குக் காரணம், ஹெட்லைட்டில் இருந்த, ஒளியைத் தாழ்த்த (டிம் செய்ய) முடியாத ஒற்றை இழை பல்புகள்தான். பழைய கார் ராலியில் கலந்துகொள்வதாக இருந்தால் வளையத்தை மூடுமுன் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.