வைகாசிக் குளிர்த்திக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு

குளிர்த்தி என்றால் கண்ணகி அம்மனைக் குளிரப்பண்ணும் சடங்கு, அது எந்த நாளில் என்று முதலில் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு என்று இலங்கையின் கிழக்குக் கரை முழுக்கக் கண்ணகி அம்மனுக்குக் கோயில் இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கத்தில் பல கோயில்களில் வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில்தான் கதவு திறக்கும், குளிர்த்தி முடிந்ததும் மூடிவிடுவார்கள். கலண்டரில் பூரணையைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். பூரணையை ஒட்டிய திங்களில் குளிர்த்தி வைக்கிற ஊர்களும் உண்டு. இது தெரியாமல் ஒரு வருடம் நான் வந்து, மூடிய கதவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போனேன். ஊரில் இருக்கிற மாமியிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்டால் முடிந்தது. சில வருடம் வெசாக் லீவும் அதே நாட்களில் வரும், அப்போது இரவு பஸ்ஸில் சீட் முன்னமே நிரம்பிவிடும்.

கதவு திறந்துவிட்டால் வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. வழியில் வாங்கிய மீன் ரோல்ஸைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

மடைக்கு (அம்மனுக்கு வைக்கிற படையலுக்கு) வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், வாடாத கமுகம்பாளை போதும். பூசை செய்கிற கப்புகனாரிடம் கொடுங்கள், சில ஊரில் கட்டாடியார் என்பார்கள். இரவில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரைப் பாட்டைப் படிப்பார்கள், நீளமானது, பாதியில் எழுந்து போகாதீர்கள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைக் குளிரப்பண்ணத்தான் இத்தனையும், அந்தக் கதை காதில் விழாமல் கடைசியில் தண்ணீர் தெளிப்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

குளிர்த்தி நேரம் முன்னுக்கு நில்லுங்கள். பாட்டு ஏற ஏற, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கொத்தால் அள்ளித் தெளிப்பார்கள், கூட்டம் ஒரேயடியாக நெருக்கும், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், ஃபோனை உள்ளே வையுங்கள். அந்தத் துளி பட்டால் அம்மை நோய் அண்டாது என்பது நம்பிக்கை. (தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள்.)

ஊருக்கு வர முடியவில்லையா, கொழும்புக்குப் பக்கத்தில் நவகமுவையில் பத்தினி தேவாலயம் என்ற அம்மன் கோயில் இருக்கிறது, கண்டியில் தலதா மாளிகைக்குக் கிட்ட இன்னொன்று. சிங்கள பௌத்தர்களுக்குக் கண்ணகிதான் பத்தினித் தெய்யோ, பத்தினித் தெய்வம். புதனும் சனியும் விசேஷம். முதலில் புத்தரைக் கும்பிட்டுவிட்டு, பிறகு பழத்தட்டை அங்கே பூசை செய்கிற கபுறாளையிடம் கொடுங்கள், பெயரையும் குறையையும் சொன்னால் அவரே சிங்களத்தில் வேண்டிக்கொள்வார். கபுறாளை, கப்புகனார், காதுக்கு ஒன்றுபோலத்தானே இருக்கிறது!

அப்புறம், சிங்கள அயல்வீட்டில் பிள்ளைக்கு அம்மை மாறினால் ஏழு தாய்மாரைக் கூப்பிட்டுக் ‘கிரி அம்மா’ (பால் அம்மா) தானம் கொடுப்பார்கள். உங்கள் அம்மாவையும் கூப்பிட்டால் தயங்காமல் அனுப்புங்கள், அன்று காலையில் வீட்டில் சாப்பிட மட்டும் விடாதீர்கள். அங்கே வைக்கிற பாற்சோற்றுக்கும் பலகாரத்துக்கும் வயிற்றில் இடம் வேண்டும்.