குதிரையின் குடல் நலம்: முதலில் புல், பிறகே மூலிகை

குதிரைக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்ததும், எந்த மூலிகையைக் கொடுக்கலாம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கான விடை இக்கட்டுரையில் உண்டு. ஆனால் அதற்கு முன், லாயத்தில் புல் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, இரவில் தொட்டி எப்போது காலியாகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். தீவன முறை தவறாக இருக்கையில் கொடுக்கும் மூலிகை, ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகவே போய்விடும்.

குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். குதிரை தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும்; அந்த அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் கலந்த உமிழ்நீரோ, குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறும். மேய்ச்சலில் விட்ட குதிரை நாளில் 16 மணி நேரம் வரைகூட மேய்வது இதனால்தான். அதைப் பேராசை என்று எண்ணிவிடக் கூடாது. இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப் பூச்சு இல்லாததால், நெடுநேரம் பட்டினி கிடக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் அங்கேதான் புண் உண்டாகிறது.

இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து வரும் நார்ச்சத்து, குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டுக் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. புல்லை நம்பி வாழும் குதிரை தன் ஆற்றலில் பெரும்பங்கை இவ்வாறே பெறுகிறது; பி வகை உயிர்ச்சத்துகளும் அங்கே உண்டாகின்றன. ஒரே வேளையில் தானியம் மிகுதியானால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்குள் வழிந்துவிடும். அங்கே லாக்டிக் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சு, கடும் வயிற்றுவலிக்கும் குளம்பு அழற்சிக்கும் வழிவகுக்கும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தவறாக உள்ளே போனதை அது தானாக வெளியேற்றிக்கொள்ள வழியே இல்லை.

ஆகவே முதற்பணி, புல்லை எடை போடுவது. உலர்நிலையில் கணக்கிட்டால் உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை நார்த்தீவனம் நாள்தோறும் தேவை. அதாவது 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ வரை. கையால் அள்ளிப் போடும் மதிப்பீடு பெரும்பாலும் பிழையாகவே இருப்பதால், ஒரு தொங்கு தராசு வாங்கி வைப்பது எந்த மூலிகைப் பொடியையும்விடப் பயனுள்ள செலவு என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவைப் பகலுக்கும் இரவுக்கும் பிரித்து, புல்லின்றி இருக்கும் இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்; 6 மணி நேரம் என்பது கடக்கவே கூடாத எல்லை. வேகமாகத் தின்று முடிக்கும் குதிரைக்கும், எடை கூடிய குதிரைக்கும் அளவைக் கடுமையாகக் குறைப்பதைவிடச் சிறு துளைகள் கொண்ட புல் வலையில் போட்டு நேரத்தை நீட்டுவதே நல்லது.

உலர்புல் பூஞ்சை வாடை இல்லாமல், தூசியின்றி இருக்க வேண்டும். வைக்கோலை மட்டுமே முதன்மைத் தீவனமாகப் போடுவது சரியன்று. சத்து குறைவு என்பதோடு, குடல் அடைப்புக்கும் அது காரணமாகலாம். லூசர்ன் என்றும் சொல்லப்படும் குதிரைமசால் தீவனப்பயிர் இவ்விடத்தில் பெரிதும் உதவும். அதன் பெயரிலேயே குதிரை இருக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இரைப்பை அமிலத்தைத் தணிக்கின்றன. சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு ஓரிரு கைப்பிடி குதிரைமசாலோ உலர்புல்லோ கொடுத்தால், அது இரைப்பையில் மெத்தைபோல் படர்ந்து, ஓட்டத்தின்போது அமிலம் மேற்பகுதியில் தெறிப்பதைக் குறைக்கும். வெறும் வயிற்றோடு குதிரையை ஓட்டுவதுதான் அதற்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையைக் கைவிட வேண்டும்.

தானியம் தேவைப்படாத குதிரைக்கு அதைக் கொடுக்காமலிருப்பதே சிறந்தது. கடும் உழைப்புள்ள குதிரைக்குக் கொடுத்தாக வேண்டுமெனில், ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்ற வரம்பை மீறாதிருக்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கு இது ஏறத்தாழ 1 கிலோ ஓட்ஸுக்குச் சமம். வேகவைக்காத மக்காச்சோளத்தையும் பார்லியையும்விட ஓட்ஸின் மாவுச்சத்து சிறுகுடலில் எளிதாகச் செரிக்கும். கூடுதல் ஆற்றலுக்கு, சர்க்கரை எடுத்த பின் எஞ்சும், வெல்லப்பாகு சேர்க்காத பீட் கிழங்குச் சக்கையை நன்றாக ஊறவைத்துக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பான வழி. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் 10 முதல் 14 நாள்களுக்குப் பரவலாகச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். உலர்புல்லை ஒரு கட்டிலிருந்து வேறு நிலத்துக் கட்டுக்கு மாற்றுவதும் மாற்றமே. நுண்ணுயிர்கள் பழக அதற்கும் அதே பொறுமை தேவை.

நீர் எப்போதும் இருக்க வேண்டும். உலர்புல் தின்னும் குதிரை நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். வெயிலிலும் உழைப்பிலும் இது இருமடங்காகலாம். நாளுக்கு 25 முதல் 30 கிராம் உப்பைத் தீவனத்தில் கலப்பது, அது போதிய அளவு குடிக்கத் துணைசெய்யும்.

இவ்வளவும் ஒழுங்கான பிறகு மூலிகைக்கு வரலாம். நான் முதலில் கூறுவது ஆளி விதையை. அதன் பிசின் போன்ற வழவழப்பு குடற்சுவருக்கு இதமளிக்கும். ஆனால் பச்சை விதையில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு; வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுவது அதைத் தூண்டிவிடும். ஆகவே விதையை நேராகக் கொதிக்கும் நீரில் போட்டு, மூடாமல் நன்கு வேகவைத்து, கூழான பின் ஆறவைத்து, நாளுக்கு 50 முதல் 100 கிராம் விதை என்ற அளவில் கொடுக்க வேண்டும். சீமைத்துத்தி எனப்படும் மார்ஷ்மெல்லோ செடியின் வேரும், ஸ்லிப்பரி எல்ம் மரப்பட்டைத் தூளும் இதே வழவழப்புக் குணம் கொண்டவை. இவை மருந்துகள் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், மருத்துவர் தந்த மருந்துக்கும் இவற்றுக்கும் இடையே 2 மணி நேர இடைவெளி விடுவது முறை.

வாயு சேரும் குதிரைக்குப் பெருஞ்சீரகமும் புதினாவும், எளிதில் கலங்கும் குதிரைக்குச் சீமைச்சாமந்திப் பூவும் மரபாகக் கொடுக்கப்படுகின்றன. உலர்ந்த இலையோ பூவோ ஒரு கைப்பிடி போதும். புதிய தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும் குதிரைக்குச் சிறிது வெந்தயத்தூள் தூவிப் பார்க்கலாம். அந்த மணம் பல குதிரைகளுக்குப் பிடிக்கும். அதிமதுரம் இரைப்பைக்கு இதமானது என்ற பெயர் பெற்றிருந்தாலும், நெடுநாள் கொடுத்தால் உடலின் பொட்டாசியம் குறையும். கற்றாழையில் உள்ளிருக்கும் தெளிந்த சோறு மட்டுமே ஏற்றது. தோலடியில் ஊறும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். பூண்டு மிகுந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். மூட்டுவலிக்காகக் கொடுக்கப்படும் டெவில்ஸ் க்ளா, இரைப்பைப் புண் உள்ள குதிரைக்கு ஆகாது. போட்டிக் குதிரைகளுக்கு இதுவும், பதற்றம் தணிக்கக் கொடுக்கப்படும் வலேரியன் வேரும் தடைசெய்யப்பட்டவை என்பதால், போட்டிகளுக்கு அனுப்புபவர்கள் பட்டியலைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரே மூலிகையைத் தொடங்கி, இரண்டு வாரம் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். ஐந்தாறு மூலிகைகள் கலந்த பொடியைக் கொடுத்தால், எது உதவியது, எது ஒவ்வவில்லை என்று பிறகு சொல்லவே முடியாது. சினைக் குதிரைக்கு மருத்துவரைக் கேளாமல் மூலிகை எதுவும் கூடாது. மேய்ச்சல் நிலத்தின் வேலியோரத்தில் அரளி இருந்தால் இன்றே அகற்றிவிட வேண்டும். அதன் சில இலைகளே குதிரையைக் கொன்றுவிடும்.

மணற்பாங்கான நிலத்தில் மேயும் குதிரையின் குடலில் மணல் தங்கலாம். நிலத்தைத் தொடாத லத்தியில் சிறிது எடுத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரோடு கரைத்து வைத்தால் மணல் அடியில் படிவது தெரியும். அப்படித் தெரிந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் இசப்கோல் உமியைச் சில நாள்கள் கொடுப்பது வழக்கம். ஆனால் மணல் ஒன்றுமே படியாததை வைத்துக் குடலில் மணலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. புல்லைத் தரையில் போடாமல் தொட்டியில் போடுவதே முதல் தடுப்பு.

நாள்தோறும் லத்தியைப் பாருங்கள். நலமாக உள்ள குதிரை நாளில் எட்டு முறை அளவில் போடும்; உருண்டைகள் நிலத்தில் விழும்போது லேசாக உடைய வேண்டும். விலாவின் இருபுறமும் காதை வைத்துக் கேட்டால் குடலின் இரைச்சல் கேட்கும்; அது உங்கள் குதிரையிடம் எப்படி இருக்கும் என்பதை நல்ல நாளிலேயே பழகிக்கொண்டால்தான், அடங்கிப்போன நாளில் வேறுபாடு தெரியும். குதிரை முன்காலால் தரையைப் பறிப்பது, அடிக்கடி திரும்பி விலாவைப் பார்ப்பது, மீண்டும் மீண்டும் புரள்வது, லத்தி நின்றுபோவது ஆகியவை தென்பட்டால் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடித்துடிப்பு 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அந்த நேரத்தில் கஷாயம் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். நிறைந்து உப்பிய இரைப்பைக்கு மேலும் ஒரு குவளை நீர்கூட ஆபத்தாகலாம். மருத்துவர் வரும்வரை, கடைசியாக லத்தி போட்ட நேரத்தையும், கடந்த இரு வாரங்களில் தீவனத்தில் செய்த மாற்றங்களையும், கொடுத்துவந்த மூலிகையின் பெயரையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.