புது ஸ்கோப் மாட்டிய வேட்டை ரைஃபிளை ஜீரோ செய்வது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் சீசன் நெருங்கினால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுகளில் ஒரு கூத்தைப் பார்க்கலாம். ஒரு குண்டு சுடுவார்கள், ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறியைச் சரிசெய்யும் குமிழான டரட்டைத் திருகுவார்கள், மறுபடி ஒன்று சுட்டு மறுபடி திருகுவார்கள். ஒரு பெட்டி தோட்டா தீர்ந்திருக்கும், ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்துக்கே குண்டு போகும் நிலை, வந்திருக்காது. ஒற்றைக் குண்டை நம்பித் திருகுவதுதான் கோளாறு.

.308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், கால் எம்.ஓ.ஏ. கிளிக் உள்ள ஸ்கோப் (டரட்டை ஒரு கிளிக் திருப்பினால் 100 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய கால் அங்குலம் நகரும்) என்று வைத்துக்கொள்வோம். காட்டுக்கு எந்தத் தோட்டாவைக் கொண்டுபோவீர்களோ அதே பிராண்ட், அதே எடையில் இரண்டு பெட்டி வாங்குங்கள். கண்ணாடி, காதுக் கவசம் கட்டாயம்.

முதலில் வீட்டில் முடிக்கவேண்டிய வேலை. ரைஃபிள்மேல் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டான பேஸின் திருகுகள் தளர்ந்திருந்தால் மற்ற எல்லாமே வீண். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். பெரும்பாலான ரிங்குகளுக்கு 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு போதும், தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. மிஞ்சி முடுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கடைசி முடுக்குக்கு முன்னால், வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு ரைஃபிளைத் தோளில் வையுங்கள். அதிகபட்ச ஜூமில் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரியும் இடம்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் மூன்று, மூன்றரை அங்குலமாவது இருக்கட்டும். குறைந்தால் பின்னுதைப்பில் புருவம் கிழியும். குறுக்குக்கோடு சாயாமல் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் குண்டு எங்கேயாவது போகும்.

ரேஞ்சில் 25 கெஜத்தில் ஆரம்பியுங்கள். எடுத்தவுடன் 100 கெஜத்துக்குப் போனால் அட்டையிலேயே துளை விழாமல் போகலாம். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை மணல் மூட்டைகள்மேல் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழல் வழியே இலக்கின் மையத்தைப் பாருங்கள். ரைஃபிளைத் தொடாமல் டரட்டை மட்டும் திருப்பி, குறுக்குக்கோட்டையும் அதே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். பலர் இங்கேதான் குழம்புவார்கள்: டரட்டில் உள்ள அம்பு குண்டு நகரும் திசையைக் காட்டுகிறது, குறுக்குக்கோடு அதற்கு எதிர்ப்பக்கம் நகரும்.

பிறகு போல்ட்டைப் போட்டு மூன்று குண்டு சுடுங்கள். மூட்டை முன்கட்டைக்கு அடியில் இருக்கவேண்டும், குழலுக்கு அடியில் அல்ல. குழல் எதன்மேலாவது சாய்ந்தால் குண்டு படும் இடம் மாறிவிடும். மூன்று துளைகளுக்கும் நடுப்புள்ளிதான் உங்கள் கணக்கு. 25 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்கு 16 கிளிக். நடுப்புள்ளி ஒன்றரை அங்குலம் வலப்பக்கம் விலகியிருந்தால் இடப்பக்கம் 24 கிளிக். உயரத்தில் மையத்தைவிட அரை அங்குலம் கீழே பட்டால் போதும்: ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை அங்குல உயரத்தில் இருப்பதால் இவ்வளவு அருகில் குண்டு பார்வைக்கோட்டை இன்னும் எட்டியிருக்காது.

இப்போது 100 கெஜம். இங்கே அங்குலத்துக்கு 4 கிளிக். 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு மையத்துக்கு 2 அங்குலம் மேலே பட்டால் 200 கெஜத்தில் ஏறத்தாழ மையத்திலேயே விழும். மூன்று குண்டுகளின் நடுப்புள்ளி 3 அங்குலம் கீழே, 1 அங்குலம் வலப்பக்கம் என்றால், மையத்துக்கு 2 அங்குலம் மேலே கொண்டுபோக மேலே 5 அங்குலம், அதாவது 20 கிளிக். இடப்பக்கம் 4 கிளிக். திருப்பியபின் மறுபடி மூன்று சுட்டுச் சரிபாருங்கள்.

ஒவ்வொரு மூன்று குண்டுக்கும் பிறகு போல்ட்டைத் திறந்துவைத்துக் குழலை ஆறவிடுங்கள். வேட்டை ரைஃபிளின் மெல்லிய குழல் சூடேறினால் துளைகள் தாமாக ஒருபக்கம் நகரும். அதைப் பார்த்து டரட்டைத் திருகுவது காசைக் கரியாக்கும் வேலை.

துளைகள் நாலைந்து அங்குலத்துக்குச் சிதறினால் டரட்டை விட்டுவிட்டு, பேஸ் திருகையும் உங்கள் விரலையும் சந்தேகியுங்கள். யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் டம்மி தோட்டாவை (வெடிக்காத போலித் தோட்டா) நடுவில் போடச் சொல்லுங்கள். விசையை இழுக்கும்போது குழல் முனை ஆடினால் ரைஃபிள்மேல் குற்றமில்லை.

ஜீரோ வந்ததும் டரட்டின் எண் வளையத்தைப் பூஜ்யத்துக்கு மாற்றி மூடியைப் போடுங்கள். இன்னொரு நாள் ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டு, அது எங்கே படுகிறது என்று குறித்துவையுங்கள். மான்மேல் போகப்போவது அந்த முதல் குண்டுதான். தோட்டா பிராண்டை மாற்றினாலோ ரைஃபிள் கீழே விழுந்தாலோ 100 கெஜத்தில் மறுபடி மூன்று குண்டு.