முட்டை இருப்பு குறைவா? ஊசி தொடங்கும் முன் இதைக் கேளுங்கள்

சோதனைக்குழாய் குழந்தை (ஐ.வி.எஃப்.) சிகிச்சைக்காக ரத்தப் பரிசோதனை செய்து, முட்டை இருப்பைக் காட்டும் என் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு 0.6 என்று குறைவாக வந்த அன்று நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அந்த எண் முட்டையின் எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தை அல்ல. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது.

டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: எந்த முறை, எவ்வளவு டோஸ்? முட்டைகளை வளரவைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசியைத் தினம் 300 யூனிட்டுக்கு மேல் கூட்டுவதால் பெரும்பாலும் கூடுதல் பலன் இல்லை, செலவுதான் ஏறும். எச்.எம்.ஜி. என்ற இன்னொரு ஊசியில், எஃப்.எஸ்.எச். வேலையோடு, முட்டை முதிர உதவும் எல்.எச். ஹார்மோனின் வேலையும் சேர்ந்திருக்கும். முட்டை வளர்ச்சியைத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையோடு குறைந்த டோஸ் ஊசி போடும் மிதமான முறையும் உண்டு, "எனக்கு அது ஒத்துவருமா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஊசி போடும் நாட்களின் நடுவில் சேர்க்கும் செட்ரோரெலிக்ஸ் ஊசி, முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

அப்புறம், பல ஊசிகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். நான் சின்ன தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, மருந்தில் நேராகப் படாமல் கொண்டுவந்தேன். உறைந்துபோனால் மருந்து வீண்.

முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியான டிரிக்கர் ஊசிக்கு நேரம்தான் உயிர். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு போட வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போன இரவு, அத்தை டார்ச் பிடிக்க, சரியாகப் பத்து மணிக்குப் போட்டுக்கொண்டேன். நேரம் தவறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.